டவர் பாறை

கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் நான்காவது கடையில்தான் அந்த அடாப்டர் கிடைத்தது. தட்டை முள் மூன்று வைத்தது. அமீரகத்துச் சுவர்களில் இருக்கும் துளை அப்படி. நம் ஊர் சார்ஜரின் உருண்டை முள் அதில் நுழையாது. மின்சாரம் இங்கே போலவே 230 வோல்ட்தான் என்பதால் வேறு எதுவும் தேவைப்படாது. தம்பி அதை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"எனக்கு வேணுங்கிறத நான் பாத்துக்குவேண்ணே. அம்மாவுக்கு என்ன வாங்கணும், அதச் சொல்லுங்க" என்றான்.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. 1998 முதல் 2002 வரை சார்ஜாவில் ஒரு கிடங்கில் கணக்கு எழுதியவன் நான். எங்கள் தெருவில் யார் வெளிநாடு கிளம்பினாலும் என்னிடம் வந்து பட்டியல் கேட்பார்கள். சிம் என்ன செய்வது, பெட்டியில் எதை வைக்கலாம், எதை வைக்கக்கூடாது, குளிருக்கு என்ன, வெயிலுக்கு என்ன என்று நானும் ஒரு தாளில் எழுதித் தருவேன். இருபது ஆண்டுகளில் எத்தனையோ தாள். அத்தனையும் போகிறவருக்கானவை. ஊரில் இருக்கிறவருக்கு என்று ஒரு வரிகூட நான் எழுதியதில்லை.

தம்பி என் வீட்டுக்கு எதிரே இருக்கும் மரச்சிற்பப் பட்டறையில் ஆறு ஆண்டாக உளி பிடிக்கிறவன். கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது லட்டு கொண்டுவந்து என் கையில் வைத்தவன். இப்போது அபுதாபியில் ஷட்டரிங் கார்ப்பெண்டர் வேலை. கான்கிரீட் ஊற்றுவதற்குப் பலகை அடிக்க வேண்டும். சென்னையில் விமானம் ஏற இன்னும் ஒன்பது நாள் இருந்தது. அவன் வீடு கல்வராயன் மலையில், வெள்ளிமலையையும் தாண்டி. அம்மா மட்டும் அங்கே இருக்கிறார். கணவர் இறந்து பல ஆண்டு ஆகிறது.

"நானும் உன்கூட மலைக்கு வரேன். அம்மாவுக்கு என்ன வேணும்னு அங்க போய்ப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன்.

மறுநாள் விடிகாலை பேருந்தில் கிளம்பினோம். பழைய டச் போன் ஒன்றை அம்மாவுக்காக வாங்கித் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தான். கச்சிராயபாளையம் வரை சமவெளி. நெல், கரும்பு, மரவள்ளி. கோமுகி அணை 46 அடி தண்ணீர் நிற்கக்கூடியது. வைகாசி வெயிலில் நடுவில் மட்டும் தண்ணீர் பளபளத்தது. அணைவரைக்கும் என் கைப்பேசியில் நான்கு கோடும் இருந்தன. மலைப்பாதையில் முதல் கொண்டை ஊசி வளைவில் இரண்டு போயின. அடுத்தடுத்த வளைவுகளில் ஒரு கோடு வரும், போகும். பிறகு அந்த இடத்தில் ஒரு சின்னப் பெருக்கல் குறி வந்து நின்றது. பேருந்தில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்த பையன்கள், பழகியவர்களாய்க் காதிலிருந்து கம்பியைக் கழற்றிச் சுருட்டி வைத்தார்கள்.

கோபுரமே இல்லை என்று சொல்ல முடியாது. கைப்பேசி வசதி எட்டாத 24,680 கிராமங்களுக்கு 4ஜி கொண்டுபோக 26,316 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2022 ஜூலையில் ஒப்புதல் கொடுத்தது. இந்த மலையிலும் மரங்களுக்கு மேலே இரும்புக் கோபுரங்கள் தலைநீட்டுகின்றன. ஆனால் மலை சமவெளியைப் போல விரிந்து கிடப்பதில்லையே. கல்வராயன், மடிப்பு மடிப்பாக 2,000 அடியிலிருந்து 4,000 அடிவரை ஏறி இறங்குகிற நிலம். அலை நேராகப் பாயும். மடிப்புக்குப் பின்னால் ஊர் இருந்தால் தலைக்கு மேலே கடந்துபோய்விடும். கோபுரம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருந்தும், பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும் பத்து வீட்டுக்கு ஒரு கோடுகூட எட்டாமல் போவது இதனால்தான்.

எட்டாமல் போவது இந்த மலைக்குப் பழைய கதை. ஜடயக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்று மூன்று ஜாகீர்தாரர்களின் பிடியில் இருந்த மலை இது. நாடு விடுதலை பெற்று ஏறக்குறைய முப்பது ஆண்டு கழித்து, 1976-இல்தான் அந்தப் பிடி விலகி அரசு நிர்வாகம் முழுதாக மேலே ஏறியது. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 26 அன்று. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த பிறகு, சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து இந்த மலை மக்களின் வாழ்நிலையை வழக்காக எடுத்துச் சாலையையும் பேருந்தையும் மருத்துவத்தையும் பற்றிக் கேள்வி கேட்டது. இத்தனை சாவு நடந்த பிறகுதான் கேட்கத் தோன்றியது என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

கரியாலூரில் பாதிப் பேர் இறங்கினார்கள். பெரியார் அருவிப் பக்கம் சுற்றுலா வந்த கார்கள் நின்றன. வெள்ளிமலையில் இறங்கித் தேநீர் குடித்துவிட்டு, ஒரு சரக்கு ஆட்டோவில் தொற்றிக்கொண்டோம். கடைசி இரண்டு கிலோமீட்டர் நடை. வழியெல்லாம் பலா மணந்தது.

அம்மா வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். முறத்தை வைத்துவிட்டு எழுந்து, "வாங்கண்ணே" என்றவர், மகனைப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். சாப்பாடு சாமைச்சோறும் மொச்சைக் குழம்பும். இரண்டாம் முறை போட்டுக்கொண்டபோதுதான் அவர் முகத்தில் சிரிப்பு வந்தது.

சாப்பிட்டதும் பெட்டி திறக்கப்பட்டது. மகனுக்காக அவர் ஒரு மாதமாகச் சேர்த்து வைத்தவை பாயில் வரிசையாக வந்தன. மலைத்தேன் ஒரு பாட்டில், புளி உருண்டை, கடுக்காய்ப் பொடி, இடித்த மிளகாய்ப்பொடி, குழம்புப்பொடி, வலிக்கென்று கீழே மருந்துக்கடையில் வாங்கிய மாத்திரைப் பட்டை இரண்டு, இருமல் மருந்து. ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தேன்.

"குழம்புப்பொடியில என்னென்ன போட்டிருக்கம்மா?"

அவர் சொல்லிக்கொண்டே வந்தார். மல்லி, மிளகாய், சீரகம், கசகசா.

அந்த இடத்தில் நிறுத்தினேன். கசகசா அமீரகத்தில் தடை செய்யப்பட்ட பொருள். நமக்கு அது குருமாவில் அரைத்துவிடுகிற சாமான். அங்கே அபினிச் செடியின் விதை. தெரியாமல் கொண்டுபோய் விமான நிலையத்திலேயே சிக்கியவர்கள் உண்டு. பொடியில் கலந்திருந்தாலும் பேச்சில்லை. மாத்திரைப் பட்டையைத் திருப்பிப் படித்தேன். ஒன்று டிரமடால். இருமல் மருந்தில் கோடீன். இரண்டுக்கும் அங்கே முன் அனுமதியும் மருத்துவர் சீட்டும் வேண்டும். கீழே பத்து ரூபாய்க்கும் இருபது ரூபாய்க்கும் கைநீட்டி வாங்கிவிடுகிறோம். அங்கே அது போதைப்பொருள் வழக்கு. சாதாரணப் பாரசிட்டமாலை அட்டைப் பெட்டியோடு, சீட்டோடு எடுத்துக்கொண்டால் போதும் என்றேன். பேர் ஒட்டாத பொடி எதையும் சுங்கத்தில் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள். கடுக்காய் வேண்டுமானால் கீழே கடையில் பேர் அச்சடித்த பாக்கெட்டாக வாங்கிக்கொள்ளட்டும்.

அம்மா பொடி டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "ஒரு நாள் பூரா இடிச்சேன்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் யாரையும் குறை சொல்லவில்லை. எனக்குத்தான் என்னவோ செய்தது. "கசகசா இல்லாம இன்னொரு தடவ இடிச்சிருவோம்மா. நாளைக்கு நானே ஒலக்க புடிக்கிறேன்" என்றேன். மறுநாள் காலையில் பிடிக்கவும் செய்தேன்.

தங்கும் இடத்தைப் பற்றிக் கேட்டார். கேம்பில் ஒரு அறையில் ஆறு பேரோ எட்டுப் பேரோ, அடுக்குக் கட்டில். வெளியே தோலை உரிக்கிற வெயில். உள்ளே இரவெல்லாம் ஏசி. புதிதாகப் போகிறவர்கள் வெயிலுக்கு மட்டும் தயாராகிப் போய் ஏசிக் குளிரில் படுத்துவிடுவார்கள். "மலையில போத்திக்கிற கம்பளி இருக்குல்ல, அதையே குடுத்து விடு" என்றேன். அவருக்கு அது பெரிய ஆறுதல். எழுந்துபோய்ப் பரணிலிருந்து கம்பளியை இறக்கி உதறினார். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் 12.30 மணியிலிருந்து 3 மணிவரை திறந்தவெளி வேலை கூடாது என்று அங்கே சட்டம் இருப்பதையும் சொன்னேன். தம்பி போய்ச் சேருகிற வாரத்தில் அது தொடங்குகிறது.

காகிதங்களையும் பார்த்தேன். அவன் வெள்ளிமலைப் பக்கத்து உண்டு உறைவிடப் பள்ளியில் ஒன்பதாவதோடு நின்றவன். பத்தாவது தேறாததால் பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். முத்திரை உண்டு. அமீரகம் போன்ற நாடுகளுக்கு வேலைக்குப் போக, குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டும். பதிவு பெற்ற முகவர் வழியாக வாங்கியிருந்தான். அதோடு வருகிற காப்பீடு 10 லட்ச ரூபாய்க்கு; இரண்டு ஆண்டுக்குப் பிரீமியம் 275 ரூபாய்தான். அந்தப் பத்திரத்தின் நகல் ஒன்றை அம்மாவின் டிரங்குப் பெட்டியில் வைக்கச் சொன்னேன். காப்பீட்டுத் தாளைப் போகிறவன் பையிலேயே வைத்துக்கொண்டு போவது எத்தனை பேர் செய்கிற தவறு! பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்ள அந்த நாட்டுச் சட்டமே இடம் கொடுக்கவில்லை என்பதையும் சொல்லிவைத்தேன்.

மாலை ஐந்தரைக்கு, "டவர் பாறைக்குப் போலாம்" என்றான் தம்பி.

ஊருக்கு மேற்கே அரை மணி நேர ஏற்றம். உச்சியில் யானை முதுகு போல ஒரு மொட்டைப் பாறை. மேலே ஏறியதும் எங்கள் இருவர் பையிலும் கைப்பேசிகள் ஒரே நேரத்தில் துடிக்க ஆரம்பித்தன. காலையிலிருந்து வழியில் நின்ற செய்திகள் அத்தனையும் வந்து விழுந்தன. பாறையில் ஏற்கெனவே ஏழெட்டுப் பேர் இருந்தார்கள், பெரும்பாலும் பெண்கள். ஒருத்திக்குக் கணவன் குடகுக் காப்பித் தோட்டத்தில். ஒருத்திக்கு மகன் கோயம்புத்தூர் மில்லில். இன்னொருத்திக்குக் கேரளாவில் மிளகுத் தோட்டத்தில். ஒவ்வொருவருக்கும் பாறையில் ஓர் இடம் உண்டு. குறிப்பிட்ட விளிம்பில், குறிப்பிட்ட பக்கம் திரும்பி உட்கார்ந்தால்தான் பேச்சு உடையாமல் கேட்கும் என்று அவரவர் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். ஒருவர் பேசுவது மற்றவர் காதில் விழாமலிருக்க முகத்தைத் திருப்பிக்கொள்வதும் அங்கே எழுதாத மரியாதை.

இந்த மக்களின் வழிவழிக் கதையே பிரிவின் கதைதான். காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பிய அண்ணன் தம்பிகள் பிரிந்து ஆளுக்கொரு மலை ஏறினார்கள். அவர்கள் வழியில் வந்தவர்களே சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலை, கல்வராயன் மலைகளின் மலையாளிகள் என்பார்கள். பேசுவது நம் தமிழ்தான். பிரிந்துபோனவரிடமிருந்து சேதி வராமல் இருப்பதன் பயமும் இவர்களுக்குத் தெரியும். செம்மரம் வெட்டக் கூட்டிப்போகும் தரகர்கள் இந்த மலைத்தொடர்களில் புழங்கிய காலத்தில், எங்கே போகிறோம் என்றே சொல்லாமல் ஆட்கள் போனார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் 20 தமிழர்கள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அந்தப் பேச்சு வந்தபோது அம்மா சொன்னது இவ்வளவுதான்: "எங்க இருக்கான்னு தெரிஞ்சா போதும். பேசக்கூட வேணாம்."

பாறையில் உட்கார்ந்து வேலையைத் தொடங்கினோம். முதல் சிக்கல் உடனே வந்தது. அமீரகத்தில் வாட்ஸ்ஆப்பில் எழுத்தும் குரல்பதிவும் போகும்; அழைப்பு போகாது. அங்கே அனுமதி பெற்ற செயலிகள் உண்டு, போட்டிம் அதில் ஒன்று. இரு முனையிலும் அது இருக்க வேண்டும். அம்மாவின் போனில் இறக்கப் பார்த்தோம். பாதிவரை வந்து நிற்கும், மறுபடி முதலிலிருந்து தொடங்கும். நாற்பது நிமிடம் போராடிய பிறகு ஏறியது. கேம்பில் இருக்கும் நண்பன் ஒருவன் வி.பி.என். போட்டுக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தான். வேண்டவே வேண்டாம் என்றேன். தடுத்ததைத் திறக்க அதைப் பயன்படுத்திச் சிக்கினால், 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதம் 5 லட்சம் திர்ஹத்திலிருந்து தொடங்குகிறது. ஆயுள் முழுக்கப் பலகை அடித்தாலும் கட்ட முடியாது.

இரண்டாவது சிக்கல் நேரம். இதை நான் கீழே இருந்தபடி யோசித்திருக்கவே மாட்டேன். அபுதாபி நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். தம்பி வேலை முடிந்து, கேம்புக்கு வந்து, குளித்துச் சமைத்துச் சாப்பிட்டு உட்கார இரவு எட்டரை ஆகும். அப்போது இங்கே பத்து மணி. இருட்டில் கரடி நடமாடுகிற ஏற்றம். அம்மாவால் வர முடியாது. பாறையில் கூட்டம் இருக்கும் மாலை ஆறு மணிக்கு அங்கே நாலரை. அவன் வேலையில் இருப்பான். விரல்விட்டு எண்ணி எண்ணிப் பார்த்தோம். கடைசியில் அம்மாதான் சொன்னார்:

"காலையில எத்தினி மணிக்குடா எந்திரிப்ப?"

கம்பெனிப் பேருந்து ஐந்தரைக்கு வந்துவிடும், நாலரைக்கெல்லாம் எழுந்துவிட வேண்டும் என்று நண்பன் சொல்லியிருந்தான். அங்கே நாலரை என்றால் இங்கே ஆறு. "நான் அந்நேரம் வெறகுக்கு இந்தப் பக்கம்தான் வருவேன்" என்றார். ஆக நேரம் குறித்தாயிற்று. வார விடுமுறையன்று நீண்ட அழைப்பு. மற்ற நாளில் காலை ஆறு மணிக்குப் பாறைமேல் குரல்பதிவு.

குரல்பதிவு என்பதை அவருக்கு எப்படிப் புரியவைப்பது என்று தம்பி திணறினான். எனக்கு அது சுலபமாக இருந்தது. சார்ஜாவில் எங்கள் அறையில் ஒரு டேப் ரெக்கார்டர் இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத வீட்டுக்காரர்களுக்கு, கடிதத்துக்குப் பதில் கேசட்டில் பேசி, ஊருக்குப் போகிறவர் யாரிடமாவது கொடுத்தனுப்புவோம். ஒரு நிமிடத் தொலைபேசிக்கு அரைநாள் சாப்பாட்டுக் காசு போய்விடும். கேசட்டில் ஒரு மணி நேரம் பேசலாம். பதில் கேசட் வர ஒரு மாதம் ஆகும். என் அம்மா அனுப்பிய முதல் கேசட்டில் பாதிக்கு மேல் எங்கள் வீட்டுக் கிணற்று ராட்டின ஓசைதான். அதை எத்தனை இரவு ஓடவிட்டுப் படுத்திருப்பேன்!

"இதுவும் அதே கேசட்டும்மா. யார் கையிலயும் குடுக்க வேணாம், அதுவே போயிரும்" என்றேன். மைக் படத்தை அழுத்திக்கொண்டு பேச வேண்டும், விரலை எடுத்தால் போய்விடும். இதில் இன்னொரு நன்மை. அழைப்புக்கு இரண்டு முனையிலும் ஒரே நேரத்தில் அலை இருந்தாக வேண்டும். குரல்பதிவுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. சமையல் நெருப்பின் முன்னால் உட்கார்ந்து பேசி வைத்துவிட்டு, மறுநாள் பாறைக்கு வந்தால் அது தானே கிளம்பிவிடும். அவன் அனுப்பியதும் இங்கே இறங்கிவிடும். வீட்டுக்குப் போய் அலையே இல்லாத இடத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் மகன் பெயருக்குப் பதில் அவன் முகத்தைப் பெரிய படமாக வைத்தோம். பக்கத்து வீட்டில் கள்ளக்குறிச்சிக் கல்லூரியில் படிக்கிற பெண் ஒருத்தி விடுமுறைக்கு வந்திருந்தாள். ரீசார்ஜுக்கு அவள் பொறுப்பு. "அத்த, நான் லீவுக்கு வரும்போதெல்லாம் பாத்துக் குடுக்குறேன்" என்றாள். தம்பியின் இந்திய சிம்மும் உயிரோடு இருக்க வேண்டும். வங்கி ஓ.டி.பி. அந்த எண்ணுக்குத்தான் வரும். ரோமிங் திறந்து வைத்து, குறைந்த திட்டத்திலாவது ரீசார்ஜ் செய்துகொண்டே இருக்க வேண்டும். அங்கே போய் எண் செத்தால், பணம் அனுப்பத் திண்டாட்டம். துபாயில் இந்தியத் துணைத் தூதரகத்தின் உதவி மையத்துக்கு 800 46342 என்று கட்டணமில்லா எண் உண்டு. அதைப் போனில் பதியாமல் ஒரு தாளில் எழுதி, அவன் பணப்பையில் ஒன்றும் அம்மாவின் அஞ்சறைப்பெட்டி மூடியின் உள்பக்கம் ஒன்றும் ஒட்டினோம்.

இரவு மழை இடியோடு வந்தது. மின்சாரம் போயிற்று. சூரிய விளக்கு ஒன்று மட்டும். தம்பிக்கென வாங்கிய பவர் பேங்க்கை எடுத்து அம்மாவின் போனில் செருகினான். "இது இங்கயே இருக்கட்டும்ணே. நான் அங்க போய் வாங்கிக்கிறேன்" என்றான். அவன் கடைத்தெருவில் கேட்ட கேள்விக்குப் பதில் அப்போதுதான் கிடைத்தது எனக்கு. என் பட்டியல் தாளின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். பவர் பேங்க். பெரிய எழுத்தில் எண்கள். காப்பீட்டு நகல். நேரம்.

மறுநாள் பொடி இடித்து முடித்து, அதற்கு அடுத்த நாள் விடிகாலை நாங்கள் இருவரும் கிளம்பும்போது அம்மா எங்களோடு வரவில்லை. விறகுக்குப் போகிறேன் என்று வேறு பாதையில் ஏறினார்.

வெள்ளிமலையில் பேருந்து பிடித்து இறங்கினோம். கரியாலூர் தாண்டி, வளைவுகள் தொடங்கி, கோமுகி அணை கீழே தெரிகிற இடத்தில் தம்பியின் போன் துடித்தது. திரையில் அவன் அம்மாவின் முகம். குரல்பதிவு, 2 நிமிடம் 40 வினாடி. காதில் வைத்துக் கேட்டான். பிறகு எனக்கும் தந்தான். ஆரம்பத்தில் காற்று. மூச்சு வாங்குகிற சத்தம். "கண்ணு" என்று ஒரு முறை. பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. சேவல் ஒன்று தூரத்தில் கூவுகிறது. யாரோ பாறையில் சுள்ளிக்கட்டை இறக்குகிறார்கள். கடைசியில், "போச்சாடி இது?" என்று பக்கத்தில் யாரிடமோ கேட்கிறார். அதோடு முடிகிறது.

கச்சிராயபாளையம் வரும்வரை அவன் பேசவில்லை. ஊர் வந்ததும் கேட்டான்.

"போன் மாத்தினா இது போயிடுமாண்ணே?"

போகாமல் எடுத்துவைக்கலாம் என்றேன். கூகுள் டிரைவில் ஏற்றுவது எப்படி என்று காட்டினேன். மெமரி கார்டிலும் ஒரு பிரதி போடலாம் என்றேன்.

"ரெண்டுலயும் போடுங்கண்ணே" என்று போனை என் கையில் கொடுத்தான்.